பேசாதே, மீன் ஓடிடும்

வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவரால் யாருக்கும் தொந்தரவு கிடையாது. அவர் பாட்டுக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுவார், வந்தவர்களை உட்காரவைத்து எந்த மீனுக்கு எந்த மீனைப் பிடிக்காது என்று விளக்குவார், அத்தோடு சரி. கேமரா வைத்திருப்பவரையும் பொறுத்துக்கொள்ளலாம். நாம் வாயில் சோற்றோடு இருக்கும்போது கிளிக் செய்வார், நாமும் மன்னித்துவிடுவோம். ஆனால் தொட்டியும் கேமராவும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தால் பிறக்கிறது பாருங்கள் ஒரு ஜீவராசி, அதைத் தனியாகத்தான் வகைப்படுத்த வேண்டும். தன் வீட்டு மீன்தொட்டியை டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் கண்ணுக்கு அழகாக வீடியோ எடுத்தே தீருவேன் என்று கிளம்பிவிட்ட ஜீவராசி.

அடையாளம் காண்பது சுலபம். வேர்த்துக் கொட்டும் வெயிலிலும் முழுக்கைக் கறுப்புச் சட்டைதான் போட்டிருக்கும். கிட்டப் போனால் லேசாகப் பாசி வாடை அடிக்கும். உங்கள் வீட்டுக்கு வந்த இடத்தில் ஒரு சின்னத் தொட்டி கண்ணில் பட்டால் போதும், முதலில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கும், அடுத்து உங்களைக் கேட்காமலே உங்கள் டியூப்லைட்டை அணைக்கும். நீங்கள் இருட்டில் டீயைத் துழாவிக்கொண்டிருப்பீர்கள். "பாருங்க, இப்ப எப்படி இருக்கு?" என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். "போன்லயே எடுக்கலாமே" என்று மட்டும் சொல்லித் தொலைத்துவிடாதீர்கள். அப்படிச் சொன்ன ஒருவர், ஏன் எடுக்கக் கூடாது என்ற விளக்கம் முடிவதற்குள் வீட்டுக்குப் போகும் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டார்.

அந்த வகையில் ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கதை. வீட்டில் அவருக்கு டைரக்டர் என்று பெயர். பெயர் வைத்தது மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. கேமராவைக் கொடுத்ததும் அவன்தான். மலை ஏறிப் பறவைகளைப் படம் எடுக்கப்போகிறேன் என்று வாங்கி, முதல் மலையிலேயே முழங்கால் பிசகி, "மாமா, நீங்க வச்சுக்குங்க" என்று கொண்டுவந்து தந்துவிட்டான். தந்த அன்று அக்கா தம்பிக்கு நன்றி சொன்னாள். அதன் பிறகு அந்தப் பேச்சையே அவள் எடுத்ததில்லை.

டைரக்டருக்கு உத்தியோகம் லிப்ட் பராமரிக்கிற கம்பெனியில். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருக்கும் மஞ்சள் பட்டனை அமுக்கினால் மணி அடிப்பது அவருடைய மேஜையில். மெக்கானிக் போய்ச் சேரும்வரை பேச்சுத்துணையாக இருந்து அவர்கள் பதறாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. "சொல்லுங்க, கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்" என்பார். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு ஒரு பெரியவர் தன் சர்க்கரை வியாதி, தன் பாகப்பிரிவினை, தன் மூத்த மருமகள் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, கதவு திறந்த பிறகும் வெளியே வர மனமில்லாமல் நின்றதாகக் கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு.

காது ஆபீஸில் அவ்வளவு உழைத்துவிடுவதால் வீட்டில் அது ஓய்வெடுக்கும். வீட்டில் அவருக்குக் கண் மட்டும்தான்.

மாலை ஆறரைக்கு வேலை தொடங்கும். முந்தின நாளே பாதித் தண்ணீரை மாற்றி, பழைய பிளேடால் கண்ணாடியின் உள்பக்கப் பாசியைச் சுரண்டி வைத்திருப்பார். அன்றைக்கே மாற்றினால் கண்ணாடி முழுக்கச் சின்னச் சின்னக் குமிழாக ஒட்டிக்கொள்ளுமாம், சோடா பாட்டிலைப் படம் எடுத்த மாதிரி ஆகிவிடுமாம். மீன்களுக்கு அன்று காலையில் அரை வயிறுதான். முழுச் சாப்பாடு போட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டார். வெள்ளிப் பட்டுடுத்திய ராணி மாதிரி ஒரு ஏஞ்சல் மீன் அசைந்து அசைந்து திரையின் நடுவே வந்தது, பின்னாலேயே அதனுடைய காலைச் சாப்பாடு ஒரு முழ நீளத்துக்குக் கயிறாகத் தொங்கிக்கொண்டு வந்தது. அந்த ஒரு வீடியோவை மட்டும் மகள் தன் சிநேகிதிகள் எல்லோருக்கும் அனுப்பினாள்.

பிறகு பில்டரை நிறுத்துவார், குப்பை மிதக்காமல் இருக்க. மின்விசிறியை நிறுத்துவார், கறுப்புத் துணி ஆடாமல் இருக்க. கறுப்புத் துணி எதற்கு? கேமராவுக்கு முன்னால் திரையாகக் கட்டி, லென்ஸ் மட்டும் வெளியே எட்டிப்பார்க்க ஓர் ஓட்டை போட்டிருப்பார். இல்லாவிட்டால் மீனோடு சேர்ந்து அவருடைய பனியனும் சொட்டைத் தலையும் கண்ணாடியில் நீந்தும். ஹாலில் விளக்கு கிடையாது. சமையலறையில் விளக்கு எரியலாம், ஆனால் கதவைச் சாத்த வேண்டும். படிக்கிற மகள் கட்டிலில் உட்கார்ந்து படிக்க வேண்டும், நாற்காலியை இழுத்தால் தரை அதிரும், தரை அதிர்ந்தால் ஸ்டாண்ட் அதிரும், ஸ்டாண்ட் அதிர்ந்தால் பெரிய திரையில் பூகம்பம். பிரிட்ஜ்கூட அதிர்கிறது என்று ஒருநாள் அதன் பிளக்கைப் பிடுங்கியவர் மறுபடி மாட்டவில்லை. மறுநாள் காலை வீட்டில் எல்லோரும் பால் இல்லாத காபி குடித்தார்கள்.

ஸ்டாண்டில் கேமராவைத் தொட்டிக்கு நேராக நிறுத்துவார். கொஞ்சம் சாய்த்தாலும் கண்ணாடி மீனின் உருவத்தைப் பிசைந்துவிடும். போகஸைக் கையால் திருப்புவார். தானாகப் பிடிக்கிற போகஸை நம்பமாட்டார், அது மீனை விட்டுவிட்டுக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நத்தையைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் பச்சையடிக்காமல் நீலமடிக்காமல் வரும்வரை நிறத்தை மாற்றி மாற்றி வைப்பார். எல்லாம் அமைந்து, மீனும் சரியான இடத்துக்கு வந்து, சிவப்புப் புள்ளி மினுக்கத் தொடங்கியதும் வீட்டுக்கு ஒரே ஒரு சட்டம்தான். "பேசாதே, மீன் ஓடிடும்."

"அப்பா, நீங்க எப்படியும் சத்தத்தை எடுத்துட்டுப் பியானோதானே போடப்போறீங்க? பேசினா என்ன?" என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

"உஷ்" என்றார்.

அந்த வீட்டில் இன்னொரு நடைமுறையும் இருந்தது. அடுத்தவர் பேசக்கூடாதே தவிர, அவர் பேசலாம். பேசாமல் எந்த டைரக்டர் படம் எடுத்திருக்கிறார்? தொட்டியில் ஒரு ஏஞ்சல் ஜோடி. பெண்ணுக்கு ஹீரோயின் என்று பெயர், ஆணுக்குப் பெயர் கிடையாது. "வா... அப்படியே வா... அழகு... முகத்தைக் காட்டு... கொஞ்சம் இடது பக்கம்..." என்று கொஞ்சிக்கொண்டே இருப்பார். மனைவியிடம் அந்தக் குரலில் கடைசியாக எப்போது பேசினார் என்று அவரைக் கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும். மனைவியைக் கேட்டால் யோசிக்காமலே சொல்லிவிடுவாள்.

மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வருபவள் என்பதால், ஒருவர் குழாய்க்குள் கண்ணை வைத்துக்கொண்டிருப்பது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் அவள் அங்கே பார்ப்பதற்கு ஒரு காரணம் இருக்கும், பார்த்து முடித்ததும் தலையை நிமிர்த்துவாள்.

அந்த வாரத் தொடக்கத்தில்தான் டைரக்டர் மாதக்கணக்காகத் தவம் கிடந்த காரியம் நடந்தது. ஹீரோயின் ஓர் அகலமான இலையில் வரிசை பிசகாமல் முட்டை வைத்தது. கண்ணாடி மணி மாதிரி முட்டைகள். ஜோடி இரண்டும் மாறி மாறிக் காவல் நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தன. இவர் ஆபீஸிலிருந்து வந்து முகம்கூடக் கழுவாமல் துணியைக் கட்டினார். அன்று எடுத்தது அவர் வாழ்நாளிலேயே நன்றாக வந்தது. துல்லியம் என்றால் அப்படி ஒரு துல்லியம், முட்டைக்குள் கறுப்புப் புள்ளியாகக் கண் தெரிகிற மாதிரி ஒரு பிரமை. ஓரிடத்தில் மட்டும் ஓரத்தில் ஏதோ வெளிச்சம் விழுந்து கெட்டிருந்தது. அதை வெட்டி எறிந்தார். போனில் புதிதாக ஏற்றியிருந்த எடிட்டிங் செயலியில் எல்லாவற்றையும் ஒட்டி, அடியில் பியானோவைப் போட்டார். வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் பஸ்ஸில், பக்கத்திலிருப்பவருக்குத் தொந்தரவாக இருக்குமே என்று சத்தத்தை நிறுத்திவிட்டு, ஒருமுறை முழுக்கப் பார்த்தார். கண் கலங்கிப்போய் நெட்டில் ஏற்றினார். சொந்தக்காரர்கள் குரூப்பிலும் போட்டார். "அன்பு என்றால் இதுதான்" என்று ஒரு வரி வேறு எழுதினார்.

புதிய செயலி, நாமாகச் சொன்னாலொழிய கேமராவில் பதிவான சத்தத்தை அழிக்காது. இது அவருக்குத் தெரியாது.

பதினோரு மணிக்கு மாமியாரிடமிருந்து போன் வந்தது. சாதாரணமாக அவர் தன் மகளுக்குத்தான் போன் செய்வார்.

"மாப்ளே, நீங்க அனுப்பினதைப் பாத்தேன்."

"முழுசா பாத்தீங்களா அத்தை?"

"ரெண்டு தடவை பாத்தேன். மனசே ஆறல எனக்கு."

டைரக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நாளில் ஒருவர் இரண்டாம் தடவை பார்த்ததாகச் சொன்னது இதுதான் முதல்முறை. "எனக்கும் அப்படித்தான் அத்தை. எவ்வளவு நாள் ஆசை தெரியுமா இது?"



"ஆசையா?"

"பின்ன? மாசக்கணக்கா காத்துக்கிட்டிருந்தேன். இப்பதான் வாய்ச்சுது."

"அதுக்காக இப்படி ஊர் பாக்கறாப்ல போடணுமா மாப்ளே?"

"ஊர் பாக்கணும்னுதானே அத்தை போடறதே."

மாமியார் போனை வைத்துவிட்டார். பாவம், வயதானவர், உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று இவர் நினைத்துக்கொண்டார். அடுத்து மச்சினனிடமிருந்து ஒரு செய்தி. "வெட்கமா இருக்கு மாமா. சாயந்திரம் நேர்ல வர்றேன்." தன்னிடம் இருந்தவரை அந்தக் கேமராவால் ஒரு குருவியைக்கூட உருப்படியாக எடுக்காதவன், இப்போது பார்த்து வெட்கப்படுகிறான், நியாயம்தானே. "வா, வா, எப்படி எடுத்தேன்னு சொல்லித்தர்றேன்" என்று பதில் அனுப்பினார்.

நெட்டில் இன்னும் விசேஷம். வழக்கமாகப் பத்துப் பேர் பார்த்தால் அதில் நாலு பேர் அவரே. அன்று மதியத்துக்குள் ஆயிரக்கணக்கில் எகிறியது. சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கருத்துகளைப் படிக்க ஆரம்பித்தார். "மீன் அழகு. மனுஷன் சரியில்லை" என்று ஒருவர். வயிற்றெரிச்சல், கேமரா இல்லாதவனாக இருக்கும். "அந்த அம்மா போனதே நல்லது" என்று ஒருவர். எந்த அம்மா? ஹீரோயின் எங்கேயும் போகவில்லையே, இலைக்குப் பக்கத்திலேயேதானே நின்றது. "இப்படி ஒருத்தனோட குப்பை கொட்டினதுக்கு அந்த அம்மாவுக்குச் சிலை வைக்கணும்" என்று ஒருவர். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப்பார்த்து, "சார், வீட்ல எல்லாம் நல்லபடியா இருக்காங்கதானே?" என்று கேட்டார்.

அப்போது மகளிடமிருந்து ஒரு வரி வந்தது. "அப்பா, சத்தத்தோட பாருங்க."

காதில் மாட்டிக்கொண்டு பார்த்தார். பியானோ மெல்ல எழுந்தது. ஹீரோயின் இலையைச் சுற்றி வந்தது. பியானோவுக்குப் பின்னால் சமையலறைக் கதவு திறக்கும் சத்தம்.

"ஏங்க, ஒரு விஷயம்."

"ம்."

"புதுசா கட்டியிருக்காங்களே ஆஸ்பத்திரி, அங்க லேபுக்கு என்னைத் தலைமையா போடறாங்க. ஒரு பகல் முழுக்க ரயில்ல போகணும். ரெண்டு வருஷத்துக்கு."

"அழகு... அப்படித்தான்..."

"இன்னிக்கே கேக்கறாங்க. போகட்டுமா?"

"போ... போ... மெதுவா போ..."

"நிஜமாவா சொல்றீங்க?"

"திரும்பாதே. நேரா போ."

"நான் இல்லாம சமாளிச்சுக்குவீங்களா?"

"ரெண்டு பேரும் இருந்தா ஒரே கூட்டமா இருக்கு. நீ அந்தப் பக்கம் போயிட்டாதான் எனக்கு நல்லா தெரியும்."

பியானோ கொஞ்ச தூரம் தனியாகப் போனது.

"சரி. அப்ப ஒத்துக்கிட்டேன்னு சொல்லிடறேன்."

"சூப்பர். இதுதான் எனக்கு வேணும்."

டைரக்டரின் சோறு அப்படியே இருந்தது. மஞ்சள் பட்டன் மணி அடித்தது. எடுத்தார். எங்கேயோ ஒரு கட்டடத்தில் மாட்டிக்கொண்ட ஓர் இளைஞன் மூச்சு வாங்கிக்கொண்டே, "சார், யாராவது இருக்கீங்களா?" என்றான். "சொல்லுங்க" என்று ஆரம்பித்தவருக்கு அதற்கு மேல் வரவில்லை. மெக்கானிக் கதவைத் திறக்கும்வரை அந்த இளைஞன்தான் அவருக்குத் தைரியம் சொன்னான்.

பாதி நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். வீட்டில் யாரும் இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்து, வெட்டாத முழுப் பதிவையும் ஓடவிட்டார், சத்தத்தோடு. அவர் வெட்டி எறிந்த துண்டு அதில்தான் இருந்தது. கறுப்புத் துணி ஒரு பக்கம் நழுவியிருக்கிறது. சமையலறை வெளிச்சம் பட்டுக் கண்ணாடியின் இடது ஓரத்தில் அவள் தெரிந்தாள். பூப்போட்ட நைட்டி, தோளில் துண்டு, ஒரு கையில் கரண்டி. 'சூப்பர்' என்ற பிறகும் அவள் போகவில்லை. நின்றாள். இவர் தலை நிமிரும் என்று நின்றாளோ என்னவோ, நெடுநேரம் நின்றாள். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, "ரெண்டும் முறை போட்டுக் காவல் காக்குதே" என்றாள். வெளிச்சம் விழுந்துவிடாமல், கதவைப் பைய, பையச் சாத்திக்கொண்டு போனாள்.

அவர் அந்த இடத்தை எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார் என்று கேட்காதீர்கள். போகஸ் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக இல்லை.

மாலையில் மனைவி வந்தாள். ஹாலில் எல்லா விளக்கும் எரிவதைப் பார்த்துவிட்டு, "என்ன, கேமரா ரிப்பேரா?" என்றாள்.

"நான் மீன்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன்" என்றார் அவர். இதைவிடக் கேவலமாக ஒருவர் மன்னிப்பைத் தொடங்க முடியாது.

"தெரியும்."

"தெரியுமா?"

"இத்தனை வருஷத்துல என்னை நீங்க 'அழகு'ன்னு கூப்பிட்டதில்லையே. தெரியாமயா போகும்?"

"அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டே?"

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "போகணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. முதல் தடவை சொன்னப்ப கண்ணாடி துடைச்சுக்கிட்டிருந்தீங்க. ரெண்டாவது தடவை தண்ணி மாத்திக்கிட்டிருந்தீங்க. மூணாவது தடவை சொன்னப்ப 'போ'ன்னீங்க. வேற யாரும் அவ்வளவு தெளிவா பதில் சொல்லலை. எங்கம்மாகூட இழுத்தாங்க."

"இப்ப சொல்லு. கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

"அந்தக் குரல் வேண்டாங்க. நான் லிப்டுல மாட்டிக்கலை."

அவருக்கு வேறு குரல் உடனே கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே மச்சினனும் மாமியாரும் வந்துவிட்டார்கள். மாமியார் மருமகனைப் பார்க்காமல் மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார், அது இன்னும் மோசம் என்பதுபோல உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மச்சினன் நேராகப் போய்க் கேமராவை ஸ்டாண்டிலிருந்து திருகிக் கழற்ற ஆரம்பித்தான். திருகு எந்தப் பக்கம் என்று தெரியாமல் அதை மேலும் இறுக்கினான்.

"என்னடா பண்றே?" என்றாள் அக்கா.

"எடுத்துக்கிட்டுப் போறேன். நான் கொடுத்ததாலதானே இவ்வளவும்."

"இடது பக்கம் திருப்பு" என்றார் டைரக்டர் பரிதாபமாக.

"விடுடா. அது இருக்கட்டும்" என்றாள் அக்கா. "இல்லேன்னா அந்த மனுஷன் சாயந்திரத்துல என்ன பண்ணுவார்? சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார். வர்ற ஞாயித்துக்கிழமை நான் கிளம்பறேன்."

"அவர் போன்னு சொன்னதுக்காகவா அக்கா போறே?"

"அவர் சொன்னது மீன்கிட்ட."

மாமியார் முதல்முறையாகத் திரும்பினார். "மீன்கிட்டயா?" சற்று யோசித்தார். "அது இதைவிட அவமானமா இருக்கேடி."

டைரக்டர் எழுந்து நின்றார். "மீன்கிட்ட சொன்னதை இப்ப உன்கிட்ட சொல்றேன். போ" என்றார். குரல் உடைந்திருந்தது, வார்த்தையும் சரியாக விழவில்லை. "நான் தெரியாம சொன்னாலும் சரியாதான் சொல்லியிருக்கேன். அந்த லேப் உனக்குத்தான் வரணும். வீட்டை நான் பாத்துக்கறேன். எப்படின்னு தெரியலை. ஆனா பாத்துக்கறேன்."

"பிரிட்ஜை ஆப் பண்ணக் கூடாது" என்றாள் மகள், அறைக்குள்ளிருந்தபடியே.

"பண்ணமாட்டேன்."

மனைவி எழுந்து போய் எல்லோருக்கும் டீ போட்டாள். டைரக்டரும் கூடவே போய் அடுப்படியில் நின்றார். எந்த டப்பாவில் சர்க்கரை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். அது ஒன்றும் சாதனையில்லை, டப்பாவின் மேல் எழுதியே இருந்தது.

இந்த இடத்தில் மீன்களைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் சில நாள் இலையிலேயே ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். பிறகு ஒருநாள், எல்லாம் சேர்ந்தாற்போல், இலையை விட்டுக் கிளம்பும். ஒரு புகைமூட்டம் போலக் குஞ்சுக் கூட்டம் முன்னால் போக, அம்மாவும் அப்பாவும் இரண்டு பக்கமும் அணைகட்டிக்கொண்டு போகும். இந்த வகை ஜீவராசிக்கு அதைவிடப் பெரிய காட்சி உலகத்தில் கிடையாது. பலருக்கு அது வாய்ப்பதேயில்லை, அதற்குள் பெற்றவர்களே முட்டைகளைத் தின்றுவிடும். டைரக்டருடைய குஞ்சுகள் தப்பித்துவிட்டன. சனிக்கிழமை பார்த்தபோது இலை முழுக்கத் துடித்துக்கொண்டிருந்தது. நாளைக்கு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

நாளை ஞாயிற்றுக்கிழமை.

ஸ்டேஷன்வரை போய் ஏற்றிவிட்டால் போதும் என்றுதான் மனைவியே சொல்லியிருந்தாள். சனிக்கிழமை மாலை அவர் தொட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை மகள் பார்த்தாள். கேமராவில் சார்ஜ் முழுதாக இருந்தது, துணியும் கட்டியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் அறைக்குப் போய், போனை எடுத்துத் தனக்கும் ஒரு டிக்கெட் போட்டார். மாமியாரை வந்து பேத்தியோடு இருக்கச் சொன்னார். மாமியார் வந்தார். இன்னும் பேசவில்லை, ஆனால் வந்தார்.

ரயிலில் அவர் பேசிப் பழக முயற்சி செய்தார். அவள் புது லேபில் என்னென்ன மெஷின் வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பாதி புரியவில்லை, புரியாத இடத்தில் கேட்டார். ஜன்னல் வழியாக ஏரி ஒன்று போனபோது மட்டும் ஒரு விநாடி பார்வை தவறியது, அவள் பார்க்குமுன் மீட்டுக்கொண்டார். மத்தியானம் போல மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. போனில் எடுத்தது. கண்ணாடியில் டியூப்லைட் நீளமாகப் படுத்திருந்தது, மகளுடைய மஞ்சள் சட்டை பாதித் தொட்டியை மறைத்திருந்தது, பின்னால் பாட்டியின் தலை. நடுவில் எங்கேயோ, கலங்கிய புள்ளிகளாக, ஒரு புகைமூட்டம். அதன் இரண்டு பக்கமும் இரண்டு நிழல்.

இருவரும் தலையோடு தலை இடிக்கப் பார்த்தார்கள்.

"நிறம் சுத்தமா சரியில்லை" என்றார் அவர். அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். "போகஸும் இல்லை" என்று முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா ரொம்ப நல்லா இருக்கு."

"உங்களுக்கு வருத்தமா இல்லையா, நேர்ல எடுக்க முடியலைன்னு?"

"ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார் உண்மையாக.

அவள் சிரித்துவிட்டாள். எதிர் ஸீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

மனிதர் அடியோடு மாறிவிட்டார் என்று கதையை முடிக்க ஆசைதான். ஆனால் இந்த ஜீவராசி அப்படியெல்லாம் மாறாது. இப்போதும் ஆறரைக்குத் துணி கட்டுகிறார். மகள் பேசினால் 'உஷ்' என்று வாய்வரை வந்துவிடும், விழுங்கிக்கொள்வார். தினமும் மாலையில் மனைவிக்குப் போன் செய்யும்போது கேமராவை விட்டுத் தள்ளி, மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார். நெட்டில் மட்டும் அவருக்கு ஒரு தலைவலி. புது வீடியோக்களில் குஞ்சுகள் மணி மணியாகத் தெரிகின்றன, பியானோ தவிர ஒரு சத்தம் கிடையாது. பார்ப்பவர்கள் பழையபடி பத்துப் பேர்தான்.

உங்களிடம் மீன்தொட்டி இல்லை, கேமராவும் இல்லை, எனவே உங்களுக்கும் இந்த வகைக்கும் சம்பந்தம் இல்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். இருங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது நடுவில் யாரோ அறைக்குள் வந்து உங்களிடம் ஏதோ கேட்டார்களே, நீங்களும் படிக்கிற பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல் 'ம்' என்றீர்களே, நினைவிருக்கிறதா? எழுந்து போய், எதற்குச் சம்மதித்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை விசாரித்துவிட்டு வாருங்கள். கொஞ்சம் சீக்கிரம் போங்கள், பெட்டி கட்டிக்கொண்டிருக்கலாம்.